ஆள் வராத ஊர்

அந்த மாதம் பிழைத்தால்தான் தாட்சாயணியின் கம்பெனிக்கு ஆயுசு. இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். பெங்களூரில் நல்ல வேலையை உதறிவிட்டு, கூட வேலை பார்த்த ஜெயச்சந்திரனையும் கிளப்பிக்கொண்டு வந்து, திருப்பதியில் ரேணிகுண்டா ரோட்டு மாடி அறை ஒன்றில் ஆரம்பித்தது. பெயர்ப்பலகை பெரிசு, உள்ளே ஆள் இரண்டே பேர். கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்கள் "கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையாம்மா?" என்று கேட்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்து வைப்பாள்.

செய்த காரியம் என்னவோ எளிசுதான். சத்தியவேடு பக்கம் தொழிற்சாலைகள் வரிசையாக முளைத்து, சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து பஸ் வைத்து ஆள் ஏற்றிக்கொண்டிருந்த காலம் அது. முந்தின நாள் சாயங்காலமே இவர்களுடைய கம்ப்யூட்டர் ஒவ்வொரு தொழிலாளிக்கும் போன் போடும். நாளைக்கு வேலைக்கு வருவதானால் ஒன்றை அழுத்து என்று தமிழிலும் தெலுங்கிலும் பதிவுக் குரல் சொல்லும். எந்த ஊரில் எத்தனை பேர் அழுத்தினார்களோ அதற்குத் தக்கபடி பஸ்ஸோ வேனோ போகும். ஒருத்தரும் அழுத்தாத ஊருக்கு எதுவும் போகாது.

காருக்கு ஒயர் கட்டும் தொழிற்சாலை ஒன்று இதை ஒரு மாதம் சோதித்துப் பார்த்தது. வண்டிகளுக்குப் பொறுப்பான மேனேஜர் நாகபூஷணத்துக்கு ஏகப்பட்ட சந்தோஷம். தெலுங்கு கலந்த தமிழில் சொன்னார்: "டீசல் எவ்வளவு மிச்சம் தெரியுமாம்மா? திங்கட்கிழமை வா, அக்ரிமெண்ட் போட்டுடலாம். நாகலாபுரம் லைன்ல மட்டும் ஆளே வர்றதில்ல. அவங்க பேரெல்லாம் அன்னிக்கே அடிச்சிட்டு வேற ஊர்ல ஆள் எடுத்துக்கறேன்."

அங்கேதான் அவளுக்கு உறுத்தியது. அவள் பிறந்து வளர்ந்ததே அந்தப் பக்கம். வேலையை வேண்டாமென்று சொல்லிவிட்டு வீட்டில் படுத்துக்கிடக்கிற ஜனமா அது?

"கையெழுத்து ஆகட்டும், அப்புறம் போய்ப் பாரு" என்றான் ஜெயச்சந்திரன். அவள் கேட்கவில்லை. சனிக்கிழமை பஸ் ஏறிவிட்டாள்.

நாகலாபுரம் லைனில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டின ஒரு ஊரில், தொழிற்சாலைக்குப் போகிற ரூபா என்ற பெண்ணின் வீட்டைத் தேடிப் போனாள். பஸ்ஸுக்கு ஆள் கணக்கு எடுக்கிற கம்பெனி என்று சொன்னதும் ரூபா பிடித்துக்கொண்டாள். அப்படி ஒரு கோபம் அந்தப் பெண்ணுக்கு.

"வண்டிய நிறுத்தினது நீங்கதானா? விடியறதுக்குள்ள சோறு கட்டி எட்த்துக்கினு ரோட்ல நிக்கிறோம், வண்டி வர்ல. ஆட்டோ புட்ச்சிப் போனா, லேட்டுன்னு கேட்ல திருப்பி அனுப்பறான். எங்க நைனா ஆஸ்பத்திரியில கீறாரு. இந்த வேலை போச்சின்னா நாங்க இன்னா பண்றது?"

நீங்கள் போனை எடுக்கவில்லையே என்று சொல்ல தாட்சாயணி வாயைத் திறந்தாள். அதற்குள் அவள் கைப்பையில் போன் சிணுங்கியது. எடுத்துப் பார்த்தாள். தமிழ்நாட்டுக்கு வரவேற்கிறோம் என்றது குறுஞ்செய்தி.

நிற்பது ஆந்திரா மண், போன் பிடிப்பது தமிழ்நாட்டு டவரை. அந்தப் பக்கமே அப்படித்தான். கையில் இருப்பதோ ஆந்திரா சிம். வீட்டிலிருந்து எந்தப் போனை எடுத்தாலும் ரோமிங் என்று காசு போகும். அதனால் யாரும் எடுக்கமாட்டார்கள். அவளுடைய அம்மாவே அப்படித்தான். மகள் கூப்பிட்டால் கட் பண்ணிவிட்டு, ஆந்திரா டவர் கிடைக்கிற பம்புசெட் மேட்டுக்கு நடந்துபோய் அங்கிருந்து கூப்பிடுவாள். வருஷக்கணக்காகத் தெரிந்த சங்கதி. தெரிந்து என்ன பிரயோசனம்? சோதனையெல்லாம் திருப்பதியில் ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு செய்தால் இப்படித்தான் ஆகும். அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

போன் எடுக்காதவர்களை வரமாட்டார்கள் என்று எழுதிக்கொண்டது கம்ப்யூட்டர். அதை நம்பி வண்டி போகவில்லை. வண்டி இல்லாததால் அவர்களால் வர முடியவில்லை. கடைசியில் பார்த்தால் கணக்கு அத்தனையும் சரி. இப்படி ஒரு அநியாயம் உண்டா?

ஜெயச்சந்திரனைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"திங்கட்கிழமை கையெழுத்து வாங்கிட்டு சரி பண்ணிடலாம் தாட்சா. இப்ப சொன்னா கம்பெனியே போயிடும்."

"அன்னிக்கே பேர அடிச்சிடுவாங்க. அடிச்ச பேர மறுபடி எழுத மாட்டாங்க. நீ சொல்றியா, நான் சொல்லட்டா?"

அவளே நாகபூஷணத்தைக் கூப்பிட்டு, எங்கள் கணக்கு தப்பு என்றாள்.

"மத்த ஊர் லெக்கயும் தப்பா இருக்கலாமே?" என்றார் அவர்.

"இருக்கலாம் சார். என்னை நம்ப வேணாம். திங்கட்கிழமை காலையில கேட்டுக்கு வந்து நீங்களே பாருங்க."

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்த லைனில் ஊர் ஊராக, வீடு வீடாக ஏறி இறங்கினாள். பாதிப் பேர் நம்பவில்லை. "உன் போன் மாதிரிதானே உன் வண்டியும்?" என்று ஒரு அம்மா மூஞ்சிக்கு நேராகவே கேட்டாள். "வண்டியில நானே வரேன்" என்றாள் தாட்சாயணி. ராத்திரி தன் அம்மா வீட்டிலேயே படுத்துக்கொண்டு, சொந்தச் செலவில் புத்தூரிலிருந்து ஒரு பஸ்ஸைப் பேசி வரவழைத்தாள். திங்கட்கிழமை விடிவதற்கு முன்னால் ரூபா முதல் ஆளாக ஏறினாள். ஊருக்கு ஊர் கூட்டம் ஏறி, சத்தியவேடு தாண்டும்போது நிற்கவும் இடமில்லை.

பெண்கள் இறங்க இறங்க நாகபூஷணம் கேட்டில் நின்று எண்ணினார். எண்ணி முடித்தபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை. அந்த லைனுக்கு மறுபடி பஸ் விடச் சொல்லி அங்கேயே போன் போட்டார். ஒருத்தர் பெயரையும் அடிக்கவில்லை. அந்த மட்டில் நல்ல மனுஷன்தான்.

பிறகு அவள் பக்கம் திரும்பினார். "நீ சொன்னது நிஜம்மா. ஆனா பாரு, லெக்கய நானே எண்ணிட்டேன். இனிமே உன் மிஷின் எதுக்கு?"

அவள் வெளியே வந்து ரோட்டோர மதகில் உட்கார்ந்து அழுதாள். யார் பார்த்தால் என்ன, அழுகை வந்தது, அழுதாள். அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜெயச்சந்திரனைக் கூப்பிட்டாள்.

"அக்ரிமெண்ட் இல்ல. நாம அவங்களுக்குப் போன் பண்றத நிறுத்திடு. அவங்க நமக்கு மிஸ்டு கால் கொடுக்கற மாதிரி மாத்து. அதுக்குக் காசு போகாது."

"யாருக்காக மாத்தறது? நம்ம கிட்ட ஒரு கம்பெனி கூட இல்லியே."

"இந்த ரோட்ல கேட்டுக்கா பஞ்சம்? மாத்து, நான் கேட்டுட்டு வரேன்."

முதல் கேட்டில் விரட்டினார்கள். அடுத்ததில் பிறகு வரச் சொன்னார்கள். மூன்றாவதில் ஒரு ஆபீசர் உட்காரச் சொல்லி, டீ வரவழைத்து, "டெமோ காட்டுங்க, பார்க்கலாம்" என்றார்.

தாட்சாயணி லேப்டாப்பைத் திறக்கவே இல்லை. "டெமோ அப்புறம் காட்டறேன் சார். உங்க ஆளுங்க எந்தெந்த ஊர்ல இருக்காங்கன்னு சொல்லுங்க. மொதல்ல அங்கெல்லாம் போய்ட்டு வந்துடறேன்."