மௌன விரதமும் நெத்திலி மூட்டையும்

அறுபத்து மூன்றாம் வருஷம் ஐப்பசியில், நெருப்பெரிச்சல் ஊர்ப் பனியன் கம்பெனி முதலாளி சாமியப்பன் கந்த சஷ்டிக்கு மௌன விரதம் எடுத்தார். சைவக் குடும்பம், அந்த வீட்டில் மீன் என்ற சொல்லையே யாரும் எடுப்பதில்லை. எழுதிக் காட்டுவதும் பேச்சுதான் என்று அவர் அதையும் விட்டுவிட்டார். சூரசம்ஹாரம் முடிந்து வாயைத் திறந்தால் முதல் சொல் முருகன் பேராக இருக்க வேண்டும் என்பது வேண்டுதல்.

விரதத்தின் நடுவில் மேஸ்திரி கந்தவேல் கூட்ஸ் ஷெட்டிலிருந்து நூல் மூட்டைகளை வண்டியில் ஏற்றி வந்தான். எல்லாம் தூத்துக்குடியிலிருந்து ரயிலில் வந்தவை. மழையில் நனைந்திருந்த ஒரு மூட்டையைப் பிரித்தால், விரல் நீளத்தில் நெத்திலிக் கருவாடு கொட்டியது.

நாற்றம் தாங்காமல் சாமியப்பன் ஓடி வந்தார். மூட்டையைக் காட்டினார், வெளியே மழையைக் காட்டினார், இரண்டு கையையும் விரித்து உதறினார். தூக்கி எறி என்று அர்த்தம்.

"புரிஞ்சுதுங்க மொதலாளி. வெளிய மழை. உள்ள விரிச்சுக் காயப் போடோணும், அதானுங்களே?" என்றான் கந்தவேல்.

சாமியப்பன் தலையில் அடித்துக்கொண்டார்.

"நமக்கு முன்னாலயே தோணலையேன்னு அடிச்சுக்கறாருடா" என்று கந்தவேல் ஆட்களிடம் விளக்கினான். குடோனில் அடுக்கியிருந்த பனியன்களின் மேல் மெல்லிய துணி விரித்து, மூட்டை மொத்தத்தையும் பரப்பினார்கள்.

சாமியப்பன் வீட்டுக்கு ஓடினார். மனைவி சுப்புலட்சுமியிடம் கையை வளைத்து வளைத்து நீந்திக் காட்டினார்.

"ஐயோ! கம்பெனியில பாம்பு புகுந்துருச்சுங்களா?"

அவர் மறுத்துத் தலையாட்டியதை அவள் பார்க்கவில்லை. அதற்குள் வாசலுக்குப் போய்ப் பாம்பாட்டிக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்தாள். பாம்பாட்டி வந்து குடோனில் மத்தியானம் வரை மகுடி ஊதினான். நெத்திலி ஒன்றும் அசையவில்லை. ஆட்களின் உற்சாகத்துக்காக முதலாளி கச்சேரி வைத்திருக்கிறார் என்று கந்தவேல் நெகிழ்ந்துபோனான்.

சூரசம்ஹாரத்தன்று கோயிலில் ஊரே கூடியிருந்தது. சாமியப்பன் பாலைக் குடித்தார். கண்ணை மூடினார். முருகனைத்தான் நினைத்தார். அடக்கி வைத்திருந்தது முட்டிக்கொண்டு வந்தது.

"கருவாடு!"

பூசாரியின் கையில் மணி அப்படியே நின்றது. சுப்புலட்சுமி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். கூட்டத்தின் கடைசியிலிருந்து ஒரு குரல் மட்டும் வந்தது.

"ஏனுங்கய்யா, எம்பட மூட்டை உங்ககிட்டத்தான் இருக்குதுங்களா?"

பெருமாநல்லூர்ச் சந்தையில் கருவாடு விற்கும் வேலாத்தாள். கூட்ஸ் ஷெட்டில் அவளுக்கு நூல் மூட்டையைக் கொடுத்து அனுப்பிவிட்டார்களாம்; தன் சரக்கைத் தேடி அலைந்து, சாமி கும்பிட வந்திருக்கிறாள். மறுநாளே மூட்டைகள் கை மாறின. ஆனாலும் அத்தனை பேர் முன்னால் வாய் தவறியதை நினைத்துச் சாமியப்பன் கோயில் பக்கமே போகவில்லை.

பனியன்களை என்ன செய்வது? சவுக்காரம் போட்டார்கள், வெந்நீரில் போட்டு அலசினார்கள், வெயிலில் காய வைத்தார்கள். நாற்றம் போகவில்லை. ஊர்ப் பூனைகளெல்லாம் குடோன் கூரையில் குடியேறின.

குண்டடத்துக் கடலை விவசாயி செங்கோட்டையன் விலை மலிவு என்று ஒரு கட்டு வாங்கிப் போனார். அடுத்த வாரமே ஊராட்களோடு வந்து நின்றார். சாமியப்பன் பயந்துபோய் மேசைக்குப் பின்னால் ஒதுங்கினார்.

"சண்டைக்கு வல்லீங்க. போட்டுட்டுப் போனா பூனையெல்லாம் பொறத்தாலயே வருதுங்க. களத்துல ஒரு எலி இல்லீங்க! இவங்களுக்கும் வேணுமாமுங்க."

அன்றைக்கே பாக்கி பனியன்கள் தீர்ந்தன. இதே நாற்றத்தோடு இன்னும் வேண்டும் என்றார்கள். சாமியப்பனுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் கோயிலுக்குப் போய்க் கண்ணீர் விட்டு மன்னிப்புக் கேட்டார். அங்கிருந்து நேராகப் பெருமாநல்லூர்ச் சந்தைக்குப் போனார்.

வேலாத்தாள் ஒரு கை நெத்திலியை அள்ளி நீட்டினாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சாமியப்பன் குனிந்து மோந்தார். நெற்றியைச் சுருக்கி இன்னொரு தடவை மோந்தார்.

"இது பத்தாது ஆத்தா" என்றார். "இன்னுங் கொஞ்சம் நாறோணும்."