கைராசிக்காரர்

இதய ஆபரேஷன் செய்யும் அந்த டாக்டருக்கு, பதினோரு வருடம் வேலை பார்த்த பழைய ஆஸ்பத்திரியில் கைராசிக்காரர் என்று பெயர். அதைக் கேள்விப்பட்டுத்தான் பெரிய ஆஸ்பத்திரி அவரை அழைத்துக்கொண்டது. அத்தனை வருடமும் பக்கத்தில் நின்று கருவி எடுத்துக் கொடுத்த நர்ஸிடம் அவர் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. மறக்கவில்லை, தோன்றவில்லை.

புது இடத்தில் ஆட்கள் கெட்டிக்காரர்கள்தான். ஆனாலும் மூன்று மாதத்தில் மூன்று பேர் ஆபரேஷன் மேசையிலேயே போனார்கள். கடைசி ஆள் ஒரு பஸ் டிரைவர், வயது நாற்பத்திரண்டு. "உங்க பேரைக் கேட்டுதான் இங்க வந்தோம்," என்று மட்டும் அவர் மனைவி சொன்னாள்.

டாக்டர் தன் கண்ணையும் விரல்களையும் பரிசோதித்துக்கொண்டார். ஒரு குறையும் இல்லை. மரணங்களை ஆராயப் புள்ளிவிவர நிபுணரான ஒரு பெண்ணை வரவழைத்தார்கள். ஆளுக்கு இரண்டு ஆஸ்பத்திரிகளில் மாறி மாறி ஆபரேஷன் செய்கிற நாற்பது டாக்டர்களை அவள் ஏற்கெனவே ஆராய்ந்திருந்தாள். ஆள் ஒன்றுதான், ஒரு இடத்தில் நோயாளிகள் பிழைக்கிறார்கள், இன்னொரு இடத்தில் அவ்வளவு பேர் பிழைப்பதில்லை. மொத்தம் எத்தனை ஆபரேஷன் என்பதைவிட, அதே ஆட்களோடு எத்தனை என்பதுதான் முக்கியமாக இருந்தது.

"உங்க கை மாறல சார். பக்கத்துல நிக்கிறவங்க மாறிட்டாங்க."

டாக்டருக்குச் சுருக்கென்றது. மறுநாளே அந்த நர்ஸைத் தேடிப் பழைய ஆஸ்பத்திரிக்குப் போனார். அவர் இடத்துக்கு வந்தவர் தன் ஆட்களைக் கூட்டி வந்துவிட்டதால், நர்ஸைத் துணிக்கிடங்கில் போட்டிருந்தார்கள். போர்வை மடித்துக்கொண்டே டிரைவருக்கு என்ன ஆனது என்று கேட்டாள். ரத்தம் பீறிட்டதையும், ரத்தக்குழாயை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பைக் கேட்டதும் புது நர்ஸ் கொடுத்ததையும், போட்ட இடம் தவறி ரத்தக்குழாய் கிழிந்ததையும் அவர் சொன்னார்.

"கேட்டதும் குடுத்தாங்களா?"

"ஆமா."

"நான் குடுத்திருக்க மாட்டேன். ரத்தம் பீறிட்டா நீங்க பதறுவீங்க. முதல்ல ரத்தத்தை உறிஞ்சி எடுத்து, இடம் தெரிஞ்சப்புறம்தான் உங்க கைக்குக் கிளாம்ப் வரும். பதினோரு வருஷமா அப்படித்தான்."

"சொல்லியிருக்கலாமே சிஸ்டர்."

"நீங்க என்னைக்குக் கேட்டீங்க?"

கூட வந்துவிடும்படி அவர் கெஞ்சாத குறையாகக் கேட்டார். அவள் அடுத்த போர்வையை எடுத்து உதறினாள்.

"இங்க யாரும் சாகறதில்ல டாக்டர். நான் இப்படியே இருந்துக்கறேன்."

டிரைவரின் மரணம் தவிர்க்க முடியாதது என்ற அறிக்கை வியாழக்கிழமை காலை அவர் மேசைக்கு வந்தது. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பத்து மணிக்கு அடுத்த ஆபரேஷன். கை கழுவிவிட்டு உள்ளே போனார். முகக்கவசங்களுக்கு மேலே ஆறு ஜோடிக் கண்கள் அவரைப் பார்த்துக் காத்திருந்தன. எது யாருடையது என்று அவருக்குத் தெரியவில்லை.