ராசியான சீட்டு

கண்டெய்னர் இழுக்க செகண்ட் ஹேண்ட் பிரைம் மூவர் லொறி ஒன்று வாங்கிய கொட்டாஞ்சேனை தண்டாயுதபாணி முதலாளி, கப்பலே வாங்கியவர்போல மாலை போட்டுக்கொண்டு நின்றார். டிரைவர் அழகுமுத்துவுக்கு அதில் பிடித்தது சீட்டு மட்டும்தான். இதுவரை ஓட்டிய பழைய லொறியின் ஸ்பிரிங் செத்த சீட்டில் யாழ்ப்பாணம் போய்ப் போய் அவர் இடுப்பு விட்டுப்போயிருந்தது.

“வண்டி எப்பிடி, அழகு?”

“சீட்டு சொகமா இருக்குங்க முதலாளி. இனி இடுப்பு பொழைச்சுக்கும்.”

முதலாளி திடுக்கிட்டார். “அட, பழைய லொறிச் சீட்டுலதானே நம்ம ராசியே இருக்கு! அதைக் கழட்டி இதுல பூட்டச் சொல்லு. இந்தச் சீட்டை என்ட ஒஃபிஸ்ல போடுங்க.”

பூட்டினார்கள், பூசணிக்காய் உடைத்தார்கள். அழகுமுத்து பழைய சீட்டில் ஏறி, இடுப்புக்கு ஒரு கையை முட்டுக் கொடுத்தபடி, எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றினார்.