பையில் ஒரு தங்க அம்பு

கண்ணாடிக்கு அடியில் அந்தத் தங்க அம்பு மின்னிக்கொண்டிருக்கிறது, வெள்ளைச் சட்டைப் பையில், நேராக, நேற்றுக் காலையில் பேங்க் வாசலில் விழுந்தபோது போட்டிருந்த அதே சட்டை, மகன் குமரவேல் அதை மாற்றவே வேண்டாமென்றுவிட்டான், பார்க்கர் பேனா இல்லாமல் அப்பா வாசல்படி தாண்டினதில்லையே என்று, மாலை போட வந்தவர்களும் ஐஸ் பெட்டிக்குள் முகத்தைப் பார்த்துவிட்டு அதைத்தான் பார்க்கிறார்கள், தாலுகா ஆபீஸ் தெட்சிணாமூர்த்தி என்றாலே அந்தப் பேனாதானே என்கிறார்கள், தலைமாட்டில் உட்கார்ந்திருக்கும் மனைவி மரகதவல்லிக்கு அழுகை வரவில்லை, அது என் பேனா, என்று மட்டும் மனசுக்குள் ஓடுகிறது, முப்பத்திரண்டு வருஷமாக ஓடுவதுதான், இன்றைக்கு என்ன புதுசாக.

பினாங்கிலிருந்து அண்ணன் கொண்டுவந்தான், அவள் டீச்சர் ட்ரெயினிங் முடித்த வருஷம், அரக்குச் சிவப்பில் உடம்பு, தங்க நிறத்தில் மூடி, அதில் அம்பு வடிவத்தில் கிளிப், அன்றைய மன்னார்குடியில் பையில் ஷீஃபர் பேனா குத்தியிருந்தால் வக்கீல், பைலட் என்றால் காலேஜ் வாத்தியார், பார்க்கர் என்றால் ஆபீசர், ஒரு பெண்ணிடம், அதுவும் இடது கையால் எழுதுகிறவளிடம், அது இருப்பதை யாரும் நம்பவில்லை, நிப்பு நம்பியது, நாலு வருஷம் அவள் சாய்க்கிற பக்கம் சாய்ந்து, தேய்ந்து, தாளில் வைத்தால் எண்ணெயில் வழுக்குகிற மாதிரி போகும், கல்யாணமான பத்தாம் நாள் தெட்சிணாமூர்த்தி அதைப் பார்க்கிறார், மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, பீச்சாங்கைக்காரிக்கு எதுக்குடி பார்க்கர், உனக்குக் குத்திக்க ஒரு பைகூடக் கிடையாதே, என்று தன் பையில் குத்திக்கொள்கிறார், அவளும் சிரிக்கிறாள், புதுப்பெண் சிரிக்காமல் என்ன செய்வாள், அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் தன் கன்னத்திலேயே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அன்றிலிருந்து அந்த வெறும் கிளார்க்கை ஆபீசர் என்று எண்ணி ஜனங்கள் மனுவை நீட்டினார்கள், வீட்டுக்கு வந்தால் மட்டும், கீறுதுடி உன் பேனா, தாளைக் கிழிக்குது, என்பார், அவளுக்குள் ஒரு சந்தோஷம், என் கைக்குத்தான் அது பணியும் என்று, கொடுத்துடுங்களேன் என்பாள், காதில் விழாது, குமரவேல் பிறந்த ஐப்பசி மழையில் ஒருநாள் அவளே கேட்கிறாள், இன்னும் கீறுதா, இல்ல, பழகிடுச்சு, என்கிறார் முகத்தைத் துடைத்தபடி, அன்று விழுந்த அடி அவளுக்கு வேறு எதிலும் விழுந்ததில்லை, புருஷன் எடுத்துக்கொண்டதுகூடப் பெரிதில்லை, நிப்புமா அவர் பக்கம் சாய்ந்துவிட்டது, அதற்கப்புறம் தொடவும் விடவில்லை, சட்டையைக் கழற்றும்போதே பேனாவை பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார், அவள் ஹெட்மிஸ்ட்ரஸாகச் சேர்ந்த அன்று வாய்விட்டுக் கேட்டாள், ஒரே ஒரு கையெழுத்துங்க, போட்டுட்டுத் தந்துடறேன், வேற கை பட்டா நிப்பு மாறிடும், உனக்குத் தெரியாததா, என்றார், தெரியும்தான், அவருக்கு அதைச் சொன்னவளே அவள்தான், பால்பாயிண்டில் போட்டுவிட்டு வந்தாள்.

பிறகு அந்த மவுசும் போய்விட்டது, ஜெல் பேனா வந்தது, பார்க்கர் பஸ் ஸ்டாண்டு ஃபேன்சி ஸ்டோரில் அட்டையோடு தொங்கியது, ரிட்டயர் ஆகிறவர்களுக்குச் சால்வையோடு ஒன்று என்று ஆனது, பெங்களூரிலிருந்து வந்த குமரவேல், இதுக்கெல்லாம் இப்ப மதிப்பு இல்லப்பா, எங்க டைரக்டர் வெச்சிருக்கிறது மான்ட் ப்ளாங்க், மூடி உச்சியில வெள்ளை நட்சத்திரம் இருக்கும், அதைப் பார்த்தாதான் எழுந்து நிப்பாங்க, என்று சொன்னபோது தெட்சிணாமூர்த்தி யாரோ பிடுங்க வந்ததுபோலப் பையை உள்ளங்கையால் மூடிக்கொண்டார், மதிப்பில்லாத சாமானைக்கூடத் திருப்பித் தர மனசில்லையே என்று மரகதவல்லி அடுப்படியில் நின்று கருவிக்கொண்டாள்.

தூக்கும் நேரம், பெட்டியைத் திறக்கிறார்கள், மோதிரத்தைக் கழற்றுகிறார்கள், பேனா அப்பாவோடயே போகட்டும்மா என்கிறான் குமரவேல், இல்ல, அது என்னுது, என்கிறாள், அவளே எழுந்து, இடது கையால் அந்த அம்பைப் பிடித்து இழுக்கிறாள், எடையே இல்லாமல் வந்துவிடுகிறது, வெறும் மூடி, பைக்குள் விரலை விட்டுத் துழாவுகிறாள், குளிர்ந்த துணிதான் இருக்கிறது, அவர் ஆபீசில் பியூனாக இருந்த முத்தையன் மாலையும் கையுமாக நின்றபடி தலையைக் குனிந்துகொள்கிறார், மூடி மட்டும்தாம்மா, எங்க ஆபீசுக்கே தெரியும், வெள்ள நிவாரணத்துக்குக் கூட்டம் நெருக்கின ஐப்பசி, யாரோ கையெழுத்துப் போட வாங்கினான், மூடியில்லாத பேனாவை எங்க கொண்டுபோவான்னு சாரும் வழக்கம்போல மூடியைக் கையில வெச்சுக்கிட்டுத்தான் கொடுத்தார், அவன் அப்படியே போயிட்டான், குமரவேல் தம்பி பொறந்த சமயம், வீட்டுல சொல்லிடாதேன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டார்.

அதே ஐப்பசி, பழகிடுச்சு என்ற ஐப்பசி, இல்லாத பேனாவின் நிப்பு மாறிவிடும் என்றா இத்தனை வருஷம் தடுத்தார், இந்த ஓட்டை மூடிக்காகவா அவள் பொருமிப் பொருமி வயசைக் கரைத்தாள், ஆபீசுக்கே தெரிந்தது அவளுக்கு மட்டும் தெரியவில்லை, வயிறு எரிகிறது, எரிகிற வயிற்றுக்குள்ளேயே ஒன்று ஆறவும் செய்கிறது, நிப்பு சாயவில்லை, அவர் கைக்கு அது பழகவே இல்லை, எங்கோ எவன் தாளையோ கிழித்துக்கொண்டு கிடந்திருக்கும், அவள் குனிந்து மூடியை மறுபடி அவர் பையில் குத்துகிறாள், தங்க அம்பு நேராக நிற்கும்படி இழுத்துவிடுகிறாள், போகட்டும், என்கிறாள் மகனிடம், இது உங்க அப்பாவோடதுதான்.