ம் கொட்டாத இணைப்பு

கோப்பு மறுபடியும் தொங்கிவிட்டது. திரையில் நூறு சதவீதம் என்று காட்டுகிறது. 'முடிந்தது' என்ற ஒற்றை வார்த்தை மட்டும் வந்தபாடில்லை. மணி பத்தே முக்கால்.

மருத்துவமனையின் கணினிப் பிரிவில் அவளுக்குத் தபால்காரி என்று பெயர். சிறுநீரகத்துக்காகக் காத்திருப்பவர்களின் பரிசோதனை முடிவுகளைத் தினமும் பட்டியல் போடும் தொலைதூரத்து மெயின்ஃப்ரேம் என்ற பெருங்கணினிக்கு அனுப்புவது அவள் வேலை. வெள்ளிக்கிழமைக் கோப்பு பகல் பன்னிரண்டு மணிக்குள் போனால்தான் அந்த வார உறுப்பு மாற்றுப் பட்டியலில் பெயர்கள் ஏறும். இந்தக் கோப்போ நினைத்த நாளில் போகும், நினைத்த நாளில் தொங்கும். போன இரண்டு வெள்ளியும் கோட்டை விட்டாயிற்று. இன்றும் வெள்ளி. காத்திருப்பவர்களில் ஒருவர் அவளுடைய தாய்மாமா.

"கேபிளை மாத்தியாச்சு, சர்வரை மாத்தியாச்சு. இனி உன்னையும் என்னையும் மாத்தறதுதான் பாக்கி," என்றார் மேலாளர்.

தொங்கினால் உடனே ரத்து செய்வது அவள் வழக்கம். ரத்து செய்தால் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்த பகுதியும் அழிந்துவிடும். விரலை வைக்கப் போனபோது அம்மாவின் போன் வந்தது. மாமா சாப்பிடவில்லை, கால் வீங்கியிருக்கிறது என்று அம்மா சொல்லிக்கொண்டே போனாள். இவள் திரையை முறைத்துக்கொண்டிருந்தாள்.

"லைன்ல இருக்கியாடி? ம் கொட்டேன். சத்தமே இல்லைன்னா கட்டாயிடுச்சுன்னு வச்சிடுவேன்ல."

இவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அம்மா, நீ தெய்வம். அப்புறம் பேசறேன்," என்று போனை வைத்தாள்.

கோப்பு போக ஒரு இணைப்பு, 'ஆரம்பி', 'முடிந்தது' என்று இரண்டு கணினிகளும் பேசிக்கொள்ள இன்னொரு இணைப்பு. கோப்பு போகும் நேரமெல்லாம் இரண்டாவது வாயே திறக்காது. நடுவில் யாராவது அதைச் செத்ததென்று நினைத்து வெட்டினால்? குறிப்பேட்டைப் புரட்டினாள். ஒன்பது நிமிடத்தில் முடிந்த கோப்பெல்லாம் போயிருந்தது. பத்தைத் தாண்டிய ஒன்றுகூடப் போகவில்லை.

மெயின்ஃப்ரேம் ஆபரேட்டரை அழைத்தாள். முகம் பார்த்திராத மனிதர், ஆனால் ஒரு மாதமாக அவளுக்கு அண்ணன்.

"அண்ணே, அங்க எத்தனை வரி வந்திருக்கு?"

"நாப்பத்தோராயிரத்து இருநூத்தி ஆறும்மா."

அவள் அனுப்பியதில் ஒரு வரி குறையவில்லை. இத்தனை நாளும் வந்து சேர்ந்ததைத் தன் கையாலேயே அழித்திருக்கிறாள். அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

"அப்படியே ஏத்திடுங்கண்ணே."

"உங்க பக்கம் 'முடிந்தது'ன்னு வந்தாத்தான் நான் தொடலாம். விதிம்மா."

அடுத்து, வெளித்தொடர்புகளைக் காவல் காக்கும் ஃபயர்வால்காரரிடம் ஓடினாள்.

"பத்து நிமிஷம் பேசாத லைனை வெட்டிடுவோமே. பாதுகாப்புக்குத்தான்," என்றார் அவர், ஏதோ விருது வாங்கியவர் மாதிரி. போன மாதம் வைத்த ஏற்பாடாம். மாற்ற வேண்டுமென்றால் மூன்று கையெழுத்து.

கையெழுத்துக்கு யார் காத்திருப்பது? ஓடி வந்து, கோப்பை அனுப்பும் தன் நிரலில் இரண்டு வரி சேர்த்தாள். இனி பேச்சு இணைப்பு நிமிடத்துக்கு ஒருமுறை வெற்றுச் செய்தி ஒன்றை அனுப்பும். அவளைக் கேட்டால், ம் கொட்டும்.

பதினொன்று முப்பத்தைந்துக்கு அனுப்பினாள். ஒன்பது நிமிடம். பத்து. மேலாளர் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பதினோராவது நிமிடம். பன்னிரண்டாவது. பதினாலாவது நிமிடம் திரையில் வந்தது: முடிந்தது.

மேலாளர் மேசையைத் தட்டிய தட்டில் தேநீர்க் கோப்பை கவிழ்ந்தது. யாரும் துடைக்கவில்லை. ஆபரேட்டர் அழைத்து, "ஏத்திட்டேம்மா," என்றார்.

அவள் வீட்டுக்குப் போன் போட்டாள்.

"அம்மா, மாமா பேர் பட்டியல்ல ஏறிடுச்சு."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"அம்மா? லைன்ல இருக்கியா?"

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, "ம்," என்றாள் அம்மா.