இடது தோள்

சின்னவளுக்குப் படம் வரும். ஆட்கள் நிற்க மாட்டார்கள். ஆரம்பத்தில் அதுதான் அவளுடைய வியாதி. முகம் லட்சணமாக இருக்கும், கண் பேசும், ஆனால் கழுத்துக்குக் கீழே ஆள் ஹேங்கரில் மாட்டிய சட்டை மாதிரி தொங்குவான். சொந்தமாகப் படக்கதை வரைந்து, சொந்தமாக அச்சடித்து, பையில் போட்டுக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கிய காலத்தில் ஒரு புத்தகக் கடைக்காரர் நேராகவே சொல்லிவிட்டார்: "பொம்மை நல்லா இருக்கும்மா. ஆளுதான் இல்ல."

அன்றைக்கு வீட்டுக்கு வந்து ஒரு பாட்டம் அழுதாள். அழுது முடித்து மூக்கைத் துடைத்தபோது, சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த அக்கா கண்ணில் பட்டாள். "அக்கா, அப்படியே நில்லு, அசையாத!" என்று கத்திக்கொண்டே பென்சிலைத் தேடி ஓடினாள்.

அக்கா அப்போதுதான் அவளோடு வந்து சேர்ந்திருந்தாள். வந்து சேர்ந்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. கட்டிய துணியோடு தப்பி ஓடிவந்தாள் என்பதுதான் நிஜம். அத்தான் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் கட்டிங் மாஸ்டர். வெளியே தங்கமான மனுஷன், யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார். வீட்டுக்குள் அவருக்குக் குரல் தேவைப்படவே இல்லை, கை போதுமானதாக இருந்தது. உடனே இருவரும் இந்த ஊருக்கு வீடு மாறினார்கள். இந்த ஊர் அவருக்குத் தெரியக்கூடாது என்று அக்கா போன் நம்பரை மாற்றினாள், வேலையை மாற்றினாள், பெற்ற அம்மாவிடம்கூட விலாசத்தைச் சொல்லவில்லை.

"வரைஞ்சுக்கோடி," என்றாள் அக்கா. "ஆனா என் மூஞ்சி மட்டும் எங்கயும் வரக்கூடாது. அவன் கண்ணுல பட்டுச்சுன்னா நான் தொலைஞ்சேன்."

சின்னவள் வாக்குத் தவறவில்லை. முகம் என்ன, ஆளையே மாற்றினாள். எங்கிருந்தோ ஓடிவந்து ஒரு மாடி அறையில் ஒளிந்து வாழும் மீசைக்காரன் ஒருவனை உண்டாக்கி, 'மாடிக்காரன்' என்று பெயர் வைத்து, வாரம் ஒரு பக்கமாக இணையத்தில் போட்டாள். தன் பெயரையும் போடவில்லை. மூலையில் 'எறும்பு' என்று மட்டும் கையெழுத்து. தலையும் மீசையும் கற்பனை. கழுத்துக்குக் கீழே எல்லாம் அக்கா. முதல் பக்கத்தைப் பார்த்து அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அடிப்பாவி, எனக்கு மீசை எடுப்பாத்தான்டி இருக்கு!" அக்கா அப்படிச் சிரித்து எத்தனை காலமாயிற்று!

மாடிக்காரன் நின்றான், நடந்தான், இடது தோள் லேசாகச் சரிய மாடிப்படி ஏறினான். வாசகர்கள் அந்தச் சரிவை அப்படிக் கொண்டாடினார்கள். உலகத்துப் பாரமெல்லாம் அந்தத் தோளில்தான் இருக்கிறது என்று ஒருவர் எழுதினார். பொம்மை என்று சொன்ன கடைக்காரரே கூப்பிட்டு, புத்தகமாக வந்தால் தன் கடைக்குத்தான் முதலில் தரவேண்டும் என்று குழைந்தார். சின்னவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் 'பொறுமைசாலி' என்ற பெயரில் ஒரு வாசகர் வந்தார். மற்றவர்களெல்லாம் ஆகா ஓகோ என்று எழுதிவிட்டுப் போவார்கள். இவர் குறை சொல்வார். குறை சொன்னால் அது குறையாகவே இருக்கும், அங்கேதான் அவள் விழுந்தாள். "கையைத் தூக்குனா துணி அக்குள்லேர்ந்து இழுக்கும், முதுகு நடுவுலேர்ந்து இல்ல" என்று எழுதினார். போட்டுப் பார்த்தாள், சட்டைக்குள்ளே சட்டென்று ஒரு உடம்பு வந்துவிட்டது. இன்னொரு நாள், "அவன் ஜன்னல் பக்கமே உக்காந்திருக்கான், என்னத்தப் பாக்குறான்னு நீங்க காட்டவே இல்லையே? அது தெரிஞ்சாத்தான் அவன் பயம் எங்களுக்கும் ஒட்டும்" என்றார்.

எவ்வளவு நியாயமான பேச்சு! சின்னவள் தன் மேஜைக்கு முன்னால் இருந்த ஜன்னலைத் திறந்து, தெரிந்ததை அப்படியே வரைந்தாள். எதிரே ஹார்டுவேர் கடை, அதன் ஷட்டர், கடைக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி, பஸ் திரும்பும் முனை, பஸ் நெற்றியில் இருந்த நம்பர் உட்பட. வெயில் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்று அவர் கேட்டார். அடுத்த வாரம் நிழலையும் போட்டுக் கொடுத்தாள். அவள் வரைந்ததிலேயே உயர்ந்த பக்கங்கள் அவைதான். அதில் சந்தேகமே இல்லை.

"யாருடி அந்த ஆளு, உனக்கு இவ்வளவு பாடம் எடுக்கறான்?" என்று அக்கா ஒருநாள் கேட்டாள்.

"யாரோ ரிட்டயர்டு டிராயிங் மாஸ்டர்க்கா. மூக்குக்கண்ணாடி, கையில ஒரு குடை."

"குடை பிடிச்சத நீ பாத்தியா?"

பார்க்கவில்லை. முகம் தெரியாதவனுக்கு முகம் வரைவது அவள் தொழிலாயிற்றே. இவருக்கும் ஒன்று வரைந்து, அதையே நம்பிக்கொண்டிருந்தாள்.

ஒரு விடுமுறை நாள் மதியம், அன்று காலை போட்ட பக்கத்துக்குக் கீழே பொறுமைசாலி எழுதியிருந்தார்: "இடது தோள் சரிவு பத்தல, முழுசா ஒரு விரல் இருக்கணும். சரி பாருங்க."

சின்னவளுக்குச் சுருக்கென்றது. என் ஆள், என் தோள், இவர் யார் சொல்ல? ஆனாலும் மனசு கேட்கவில்லை. அக்காவை இழுத்து வந்து சுவரோரம் நிறுத்தி, ஸ்கேலைக் குறுக்கே வைத்துப் பார்த்தாள். மனிதர் சொன்னது கனகச்சிதம்! இத்தனை நாள் பக்கத்திலேயே இருந்தும் தன் கண் ஏமாந்திருக்கிறதே என்று வெட்கமாகக்கூட இருந்தது. உடனே திருத்தி, பழைய பக்கத்தை எடுத்துவிட்டுப் புதியதை ஏற்றினாள். "நேரில் நிறுத்திப் பார்த்தேன் ஐயா, நீங்கள் சொன்னதுதான் சரி" என்று நன்றியும் எழுதினாள்.

சாப்பிட உட்கார்ந்தபோது அக்கா கேட்டாள். "எதுக்குடி என் தோளைப் போய் அளந்த?"

சின்னவள் பெருமையாகச் சொன்னாள். சொல்லச் சொல்ல அக்காவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"ஒரு விரல்னா சொன்னான்?"

"ஆமா. ஏன்க்கா?"

"இந்தத் தோளை முறிச்சவன் அவன். கோணல் வெளிய தெரியக்கூடாதுன்னு அப்புறம் என் சட்டையெல்லாம் அவனே வெட்டினான். இடது பக்கம் ஒரு விரல் எறக்கி." அக்காவின் குரல் அடங்கிப்போயிருந்தது. "அந்த அளவு அவனுக்கு மட்டுந்தான்டி தெரியும்."

சின்னவளுக்கு அப்போதுதான் உறைத்தது. கற்பனையில் பிறந்த மீசைக்காரனுக்குத் தோள் எவ்வளவு இறங்கினால் என்ன? போய்யா, என் இஷ்டம் என்று சொல்லியிருக்கலாம். அதைவிட்டு, நிறுத்திப் பார்த்தேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். அந்தத் தோள் இந்த வீட்டில், கூப்பிட்டால் வருகிற தூரத்தில் இருக்கிறது என்று தன் கையாலேயே சொல்லிவிட்டாள். அவன் கேட்டது திருத்தம் அல்ல. கேட்டது பதில், அவள் கொடுத்துவிட்டாள்.

எச்சில் கையோடு ஓடிப்போய்ப் பக்கத்தை அழிக்கப் பார்த்தாள். அதற்குள் கீழே புதிதாக ஒன்று வந்து விழுந்திருந்தது.

"இப்ப சரியா இருக்கு. எதிர்க்கடை ஷட்டர்ல மட்டும் கீழ ஒரு பள்ளம் விட்டுப்போச்சு. இப்பதான் பாத்தேன்."

அக்கா பின்னால் வந்து நின்று அதைப் படித்தாள். சின்னவள் ஜன்னல் ஓரமாகச் சாய்ந்து எட்டிப் பார்த்தாள். ஹார்டுவேர் கடையில் மதியச் சாப்பாட்டுக்காக ஷட்டரை இறக்கியிருந்தார்கள். முழங்கால் உயரத்தில், வண்டி எதுவோ இடித்த மாதிரி, பள்ளம் இருந்தது. அவள் வரையும்போது ஷட்டர் எப்போதும் மேலே சுருண்டிருக்கும். இறங்கிய ஷட்டரை மட்டும் கற்பனையில் போட்டிருந்தாள்.

"ஆள் யாரும் இல்லக்கா," என்று திரும்பினாள்.

அக்கா ஜன்னலைப் பார்க்கவே இல்லை. வாசல் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.