வருஷம் ஒன்றுக்கு ஒரு ரூபாய் அறுபது பைசா

வலசைப்பட்டினத்தின் வரலாறு கடைசியில் வருஷம் ஒன்றுக்கு ஒரு ரூபாய் அறுபது பைசாவுக்குப் படிந்தது. தக்காளி கிலோ நாற்பதுக்கு விற்ற வாரம் அது. அரபுக் குதிரை வந்து இறங்கிய வருஷம், சீனக் கிண்ணம் வந்து உடைந்த வருஷம், ஒன்றுமே நடக்காமல் கொசு மட்டும் கடித்த வருஷம், எல்லாவற்றுக்கும் ஒரே விலைதான். பொறுக்கி எடுக்க விடவில்லை.

உச்சிப்புளியில் பஸ்ஸை விட்டு இறங்கித் தெற்கே போனால், ரோடு கடலில் முட்டுகிற இடத்தில் வலசைப்பட்டினம். அந்தக் காலத்தில் பெரிய துறைமுகம் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். கப்பலைப் பார்த்தவர் யாருமில்லை. இப்போது வந்து நிற்பது மினி பஸ் ஒன்று, அதுவும் டிரைவருக்கு மனசிருந்தால். அந்த ஊரில் சங்கு வியாபாரம் செய்கிறவர் முஹைதீன். சொன்ன விலைக்கு எதையும் வாங்கியதில்லை என்று பெயர் எடுத்தவர். டாக்டர் ஐந்து நாளைக்கு மாத்திரை எழுதினால், மூன்று நாளில் முடித்துக் கொடுங்கள் என்று கேட்பார்.

அவருடைய இளைய மகள் மர்வாவுக்கு ஷவ்வால் மாதப் பிறையில் நிக்காஹ் பேசியிருந்தது. அந்தப் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவர வேண்டும்; பெண்ணுக்கென்று ஒரு வீடு இருக்க வேண்டும். கீழ்வீடு மூத்தவளுக்குப் போய்விட்டது. மர்வாவுக்கு மாடி. மாடி எழும்பட்டும், பிறகு பிறையைப் பார்க்கலாம் என்று சம்பந்தி வீட்டார் வட்டலப்பம் தின்றுகொண்டே சிரித்த முகமாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். செங்கல் இறங்கி, மணல் இறங்கி, கொத்தனார் அட்வான்ஸும் வாங்கிவிட்டார்.

அந்த நேரத்தில்தான் மதுரையிலிருந்து சுகந்தி என்ற பெண் வந்து சேர்ந்தார். பழைய துறைமுகங்களைக் கணக்கெடுக்க ஏதோ ஒரு திட்டம். அதற்கு அவர்தான் இந்தக் கரைக்கு ஆள். தோளில் பை, கையில் டேப்லெட், முகத்தில் அறுபது ஊர் சுற்றிய களைப்பு. முஹைதீன் வீட்டு முற்றத்தில் ஆடு கட்டியிருந்த கல்லைப் பார்த்ததும் அந்தக் களைப்பு போய்விட்டது. நடுவில் ஓட்டை போட்ட கல். பழைய கப்பல்களில் நங்கூரமாகக் கட்டியது என்றார். ஆட்டை நகர்த்தச் சொல்லி நாலு பக்கமும் படம் எடுத்தார். பிறகு ஊருக்கு எவ்வளவு வயசிருக்கும் என்று கேட்டார்.

முஹைதீனுக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை. மனசுக்குள் இரண்டாயிரம் நியாயம் என்று பட்டது. ஆகவே வாயால் நாலாயிரம் என்றார். அந்த அம்மா ஆயிரம் என்று கேட்கும், இவர் மூவாயிரத்தைந்நூறு என்பார், அது எழுந்து போகிற மாதிரி போகும், இவர் கூப்பிடுவார், இரண்டு டீ குடித்து முடிப்பதற்குள் இரண்டாயிரத்தில் படியும், இரண்டு பேருக்கும் சந்தோஷம். உலகத்தில் எண்களுக்கு வேறு உபயோகம் இருப்பதாக அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

சுகந்தி நாலாயிரம் என்று எழுதிக்கொண்டு நன்றி சொன்னார்.

முஹைதீனுக்கு வியர்த்தது. பேரம் பேசாமல் வாங்குகிறவர் ஒன்று ஏமாளி, இல்லை நமக்குத் தெரியாத ஏதோ ஒன்று தெரிந்தவர்.

"கொஞ்சம் கொறச்சுக் கேளுங்க மேடம்."

"நீங்க சொல்றதைத்தான் சார் எழுதணும். நான் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது."

அந்த ஏதோ ஒன்று பத்து நாளில் நோட்டீஸாக வந்தது. ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட துறைமுகம் என்றால், நங்கூரக் கல்லைச் சுற்றி இருநூறு மீட்டருக்குள் ஒரு செங்கல் வைக்கக் கூடாது. ஐந்நூறிலிருந்து ஆயிரம் வரை என்றால் தடை இல்லை. ஒரு பெயர்ப்பலகையும் ஒரு தெருவிளக்கும் இலவசம். ஐந்நூறுக்குக் கீழே என்றால் ஒன்றுமில்லை, அவரவர் வேலையைப் பார்க்கலாம். முஹைதீன் வீட்டு மாடி கல்லிலிருந்து பதினைந்தடி உயரத்தில் வருகிறது.

சுகந்தி முகாம் போட்டிருந்த இராமநாதபுரத்துக்கு ஓடினார். நாலாயிரம் என்பது சொல்லும் விலை, கொடுக்கும் விலை அல்ல என்று சுகந்தியிடம் விளக்கினார். எந்தக் கடையில் சார் என்று அவர் புரியாமல் கேட்டார். பிறகு பாவப்பட்டு விதியைச் சொன்னார்: கல் இங்கேயே கிடந்தால் எழுதிய வயசை மாற்ற முடியாது; ஆனால் இரண்டாவது சரிபார்ப்புக்கு மறுபடி வருவேன், அன்றைக்குக் கல் எங்கே கிடக்கிறதோ அதைச் சுற்றித்தான் தடை, கல் இடம் மாறியிருந்தால் இரண்டு இடத்திலும் இருப்பவர்கள் சொல்வதுதான் வயசு.

கல்லைக் கடலில் தள்ளிவிட்டால் தீர்ந்தது என்றார் மனைவி மாஷிதா. முஹைதீன் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நாலாயிரம் வருஷத்தைச் சும்மாவா தள்ளுறது? கேக்க ஆள் இருக்கும்டி."

ஆள் இருந்தது. உப்போடைக்கு அந்தக் கரையில் சவேரியார் நகர். மீன்பிடிக்கிற கிறிஸ்தவக் குடும்பங்கள். அவர்களுக்கு மூத்தவர் மாதிரி இருந்த ஜெபமாலை இரண்டு வள்ளம் வைத்திருந்தார். அவர்கள் தெருவை ஒட்டி வெளியூர்க் கம்பெனி ஒன்று இறால் பண்ணைக்கு இடம் வாங்கி, முளைக்குச்சி அடித்துவிட்டுப் போயிருந்தது. பண்ணை வந்தால் தெருவின் ஒரே நல்ல தண்ணீர்க் கிணறு உப்பாகிவிடும். இருநூறு மீட்டருக்குள் எதுவும் கட்டக் கூடாது என்கிற கல்லைப் பற்றிக் கேள்விப்பட்டதும், ஜெபமாலை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு இக்கரைக்கு வந்தார்.

ஒருவருக்கு வரலாறு தொலைந்தாக வேண்டும், மற்றவருக்குக் கிடைத்தாக வேண்டும். வேறு ஊராக இருந்தால் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கிற நேரத்தில் முடிந்திருக்கும். இங்கே இரண்டு பேரும் தேவையில்லாதது போல முகத்தை வைத்துக்கொண்டு மத்தியானம் வரை மழையைப் பற்றிப் பேசினார்கள்.

"என்ன மச்சான், இங்கன ஏதோ கல்லு கெடந்து ஒங்களுக்குத் தொந்தரவாமே. வள்ளத்துல ஏத்திட்டுப் போயிருவேன். தூக்குறவனுக்கு நீங்க பாத்துச் செய்யணும்."

"தொந்தரவா? நாலாயிரம் வருஷமா வீட்டுல ஒரு ஆளா இருக்கு. ஒங்க தெருவுக்கு முந்தாநாள்ங்கிறதே கெடையாதேன்னு பாவம் பாத்துக் குடுக்கலாமான்னு இருக்கேன். நீங்கதான் பாத்துச் செய்யணும்."

சரக்கின் அளவை வாயால் பேசலாம். ஜெபமாலை மூவாயிரத்து இருநூறு வருஷம் கேட்டார். முஹைதீன் மூவாயிரத்து ஐம்பதுக்கு மேல் தர முடியாது, மூத்தவர்கள் ஞாபகத்துக்குக் கொஞ்சம் வேண்டும் என்றார். மனசில் இருந்தது தெருவிளக்கு. நடுவில் வெட்டி, மூவாயிரத்து நூற்றிருபத்தைந்தில் நின்றது.

விலையை மட்டும் வாயால் பேசக் கூடாது. அங்கே சங்கு விற்கிற முறையே அப்படி. துண்டைக் கையின் மேல் போட்டு, அடியில் விரலைப் பிடித்துச் சொல்ல வேண்டும். விரலுக்கு ஆயிரம். துண்டை எடுத்தால் விலை முடிந்தது. அதற்குப் பிறகு வாய் திறந்து அதைப் பற்றிப் பேசுகிறவனுக்கு மறுநாள் பஜாரில் யாரும் கை நீட்டமாட்டார்கள்.

முஹைதீன் துண்டைப் போட்டார். ஜெபமாலை முந்திக்கொண்டு ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தார்.

முஹைதீனுக்கு நெஞ்சு குளிர்ந்தது. கல்லுக்கு இரண்டாயிரம் வந்தால் போதும் என்றிருந்தார். எடுத்த எடுப்பில் ஐந்து தருகிறான். இருந்தாலும் சொன்ன விலைக்குச் சம்மதித்துப் பழக்கமில்லாத கை. அது தானாகவே ஐந்தைப் பிடித்து, விட்டு, இன்னொரு விரலைப் பிடித்து ஆறு சொன்னது. ஜெபமாலை கொக்கி குத்தினவர் மாதிரி திடுக்கிட்டார். முஹைதீனையே சந்தேகமாகப் பார்த்தார். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, மறுபடியும் ஐந்தையே அழுத்திப் பிடித்தார், மேலே ஒரு விரலும் வேண்டாம் என்கிற மாதிரி. கஞ்சன் என்று நினைத்துக்கொண்டு முஹைதீன் துண்டை எடுத்தார். வருஷத்துக்கு ஒரு ரூபாய் அறுபது என்று அவர் மனசு கணக்குப் போட்டது. இரண்டு பேர் முகமும் அன்றைக்கு அப்படிப் பிரகாசித்தது. ஒரே பேரத்தில் இரண்டு பேரும் ஜெயித்த மாதிரி இருந்தால் எதையோ எண்ணாமல் விட்டிருக்கிறோம் என்று, வேறு யாருடைய பேரமாக இருந்தாலும் முஹைதீனே சொல்லியிருப்பார்.

மறுநாள் கல் வள்ளம் ஏறிப் போயிற்று. ஆட்டை முருங்கை மரத்தில் கட்டினார்கள்.

சுகந்தி வந்தார். அக்கரையில் கல் அந்தோணியார் சிலை வைத்த கெபிக்குப் பக்கத்தில் சுண்ணாம்பு அடித்து நின்றது. வயசைக் கேட்டபோது ஜெபமாலை மூவாயிரத்து நூற்றிருபத்தைந்து என்றார். வாங்கினதுக்கு மேலே ஒரு வருஷம் சொன்னாலும் பாவம் என்று மகள் ஜெப்சியிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார். இத்தனை ஊரில் உதிரி எண்ணாகச் சொன்ன முதல் ஆள் இவர்தான், இதில் உண்மை இருக்கிறது என்று சுகந்திக்குப் பட்டது. இக்கரையில் முஹைதீன் எண்ணூற்று எழுபத்தைந்து என்றார். அதையும் எழுதிக்கொண்டார். அவர் குறைத்துக் கேட்கவில்லை என்பது இந்தத் தடவையும் முஹைதீனுக்குக் கொஞ்சம் வலித்தது.

பண்ணைக்காரர்கள் முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். இக்கரையில் தெருவிளக்கு வந்தது. மாடி எழும்பியது. ஐயாயிரம் மட்டும் வரவில்லை.

முஹைதீன் பொறுத்துப் பார்த்தார். சனிக்கிழமைச் சந்தையில் ஜெபமாலையைப் பார்க்கும்போதெல்லாம் சட்டைப் பையை லேசாகத் தட்டிக்கொண்டார். ஜெபமாலையும் பதிலுக்குத் தன் பையைத் தட்டிக்கொண்டார். நிக்காஹுக்கு ஒரு வாரம் இருக்கும்போது மர்வா வந்து நின்றாள். அவளும் ஜெப்சியும் ஒரே காலேஜ். பெண்களுக்குத் துண்டு முறை கிடையாது.

"வாப்பா, அந்த அஞ்சாயிரத்த நீங்க எப்பத் தருவியன்னு ஜெப்சி கேக்குறா. கல்ல ஒங்க தலையிலேர்ந்து எறக்குனதுக்கு அவுக அப்பாவுக்கு நீங்க ஒத்துக்கிட்ட கூலியாம். நீங்களா ஆறு தாரேன்னு கைய அமுக்குனியளாம், அவுக அப்பாதான் பயந்துபோயி அஞ்சு போதும்னாகளாம்."

முஹைதீன் உட்கார்ந்தார். அந்தத் திடுக்கிட்ட முகம் இப்போதுதான் விளங்கியது. துண்டுக்குள் எத்தனை என்பதற்கு விரல் உண்டு. யார் யாருக்கு என்பதற்கு விரல் கிடையாது. போய்க் கேட்கலாம் என்றால், கேட்கிறவன் துண்டைத் திறந்தவன் ஆகிறான். அக்கரையிலும் இதே யோசனைதான் ஓடிக்கொண்டிருக்கும்.

"ஏம்மா, நீ என்ன சொன்ன?"

"வாப்பாவே தருவாகன்னு சொன்னேன். யாருக்குன்னு சொல்லல."

என் மகள் என்று முஹைதீன் நினைத்துக்கொண்டார்.

நிக்காஹ் மாடியில் நடந்தது, தெருவிளக்கு வெளிச்சம் முற்றம் வரை விழுந்தது. ஜெபமாலை குடும்பத்தோடு வந்து வயிறு நிறையச் சாப்பிட்டு, மாப்பிள்ளை கையில் ஓர் உறையைக் கொடுத்து, முஹைதீனைக் கட்டிப்பிடித்துவிட்டு, பையைத் தட்டிக்கொண்டே வள்ளம் ஏறினார். உறையைப் பிரித்தால் ஐந்நூற்றொரு ரூபாய் இருந்தது.

வலசைப்பட்டினத்தின் கணக்கு இன்றைய தேதிக்கு இப்படி நிற்கிறது. வரலாறு: மொத்தம் நாலாயிரம், அக்கரைக்குப் போனது மூவாயிரத்து நூற்றிருபத்தைந்து, இக்கரையில் இருப்பு எண்ணூற்று எழுபத்தைந்து. பைசா பிசகில்லை. ரொக்கம், முஹைதீன் மனசில்: ஜெபமாலை தர வேண்டியது ஐயாயிரம், உறையில் வரவு ஐந்நூற்றொன்று, பாக்கி நாலாயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றொன்பது. ரொக்கம், ஜெபமாலை மனசில்: முஹைதீன் தர வேண்டியது ஐயாயிரம், திரும்பி வர வேண்டிய மொய் ஐந்நூற்றொன்று, ஆக பாக்கி ஐயாயிரத்து ஐந்நூற்றொன்று.